ஆடிட்டுக்கு ஏழு குழந்தைகள்

மே 2, வியாழன்

கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய களப்பணி அறிக்கையைத் தனியாக எழுதுகிறேன். அதில் கண்டவை, கற்றவை, பரிந்துரைகள் என்று மூன்று தலைப்புகளுக்குத்தான் அனுமதி. மற்றதெல்லாம் இங்கே.

சமூகப்பணி முதுகலையில் தேர்வுகள் முடிந்துவிட்டன. இனி ஒரு மாதம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் நலப்பணிப் பயிற்சி. அதை முடித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் பட்டம். கூடப் படித்தவர்களுக்குச் சென்னை, ஓசூர் என்று கிடைத்தது. எனக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி.

நான் தொண்டு செய்யப் பிறந்தவன் இல்லை. இதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது. சென்னையில் கண்ணாடி பதித்த கட்டடம் ஒன்றில், ஏசி அறையில், கழுத்தில் அடையாள அட்டையோடு மனிதவளப் பிரிவில் உட்கார வேண்டும். 24ஆம் தேதி அங்கே நேர்முகத் தேர்வு. அதற்கென்றே ஒரு நீலச் சட்டையை இஸ்திரி போட்டுப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன்.

வாசலில் காவலாளி பெயர் கேட்டார். "சேர்மராஜ்" என்றேன். அவர் "சேர்மன்" என்று எழுதிவிட்டு எழுந்து நின்றார். எங்கள் ஏரல் பக்கம் தெருவுக்கு நாலு சேர்மராஜ் உண்டு. இங்கே மதியத்துக்குள் நான் "சேர்மன் தம்பி" ஆகிவிட்டேன்.

எனக்குப் பொறுப்பாளர் பர்சனல் மேனேஜர் நாச்சிமுத்து சார். ஐம்பதைத் தாண்டியவர். முகத்தில் சிரிப்பு வராது. கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் ஏதோ நடக்கும்.

"என்னங்க தம்பி படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்.டபிள்யூ. சார். தொழிலாளர் நலம் சிறப்புப் பாடம்."

"தையல் தெரியுமுங்களா?"

"தெரியாது சார்."

"துணியப் பாத்து ரகம் சொல்லுவீங்களா?"

"இல்ல சார்."

"சரிங்க. ஒரு மாசந்தான. உக்காருங்க."

மே 3, வெள்ளி

தையல் பிரிவைச் சுற்றிவந்து குறை கேட்டேன். மெஷின் சத்தத்தில் நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை.

மூன்றாவது லைனில் ஓவர்லாக் மெஷினில் பஞ்சவர்ணம் என்று ஓர் அக்கா. உசிலம்பட்டிக்காரர். பேசும்போதும் கை நிற்பதில்லை.

"கொறையச் சொன்னா தீத்து வைப்பீகளா, இல்ல எழுதி வைப்பீகளா?"

"முதல்ல எழுதிக்குவோம்க்கா."

"அப்ப எழுதிக்கங்க. எனக்கு ஒரு கொறையும் இல்ல."

எழுதிக்கொண்டேன். தொழிலாளர்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள்.

மே 6, திங்கள்

கேன்டீனுக்குப் பின்னால் ஒரு பச்சைக் கதவு. மேலே "குழந்தைகள் காப்பகம்" என்று பலகை. நாச்சிமுத்து சார் திறந்து காட்டினார். சுவரில் வரிசையாக முயல்கள் வரைந்திருந்தார்கள். முயல்களின் காது மட்டும்தான் தெரிந்தது. மீதியை அட்டைப்பெட்டிகள் மறைத்தன.

முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் அவர்களுடைய சின்னக் குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். தேர்வில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இங்கே பெண்கள் முந்நூறு பேருக்குக் குறையாது.

"சார், இத யாரும் பயன்படுத்துறதில்லையா?"

"வருசத்துக்கு ஒருக்கா பண்றமுங்க. ஆடிட் அன்னிக்கு."

நம்மிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆள் அனுப்பி, தொழிலாளர்களுக்கு வசதியெல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும். அதுதான் ஆடிட். இந்த வருடம் 17ஆம் தேதி.

"போன வருசம் கொழந்தைக கெடைக்காம வெறும் ரூமக் காட்டுனமுங்க. கொழந்தைக எங்கன்னு கேட்டுட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"அன்னிக்கு லீவுன்னு சொன்னம். ரெண்டாந்தரம் சொன்னா நல்லாருக்காதுங்க. நீங்கதான் நலம் படிச்சிருக்கீங்களே. ஒரு அஞ்சாறு கொழந்தைகளுக்கு ஏற்பாடு பண்ணுங்க. ஒரு நாளைக்குத்தான்."

என் முதல் பொறுப்பு. கல்லூரி அறிக்கையில் "காப்பகச் சேவை மேம்பாடு" என்று தலைப்பிட்டேன்.

மே 8, புதன்

பெட்டிகளை நடைபாதைக்கு மாற்றினோம். தரையைக் கழுவினோம். விளையாட்டுச் சாமான் வாங்கிவரச் சொன்னார்கள். அறிவை வளர்ப்பதாக இருக்கட்டும் என்று ஒரு செஸ் போர்டும் உலக வரைபடமும் வாங்கினேன். பஞ்சவர்ணம் அக்கா வந்து எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு வயசுப் பிள்ளைக்கு இது எதுக்கு தம்பி?"

"சிந்திக்கிற திறன் வளரும்க்கா."

"வளரும். குதிரைய முழுங்கிட்டு ஆசுபத்திரிக்குப் போறப்ப நாங்கதான் சிந்திக்கணும்."

செஸ் போர்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பந்து, பிளாஸ்டிக் வாளி, பொம்மை லாரி என்று வாங்கிவந்தேன்.

மே 9, வியாழன்

டீ இடைவேளையில் தாய்மார்களிடம் பேசினேன். பேச்சை முன்பே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். குழந்தைகளின் உரிமை, தாய்மையின் மேன்மை, நிறுவனத்தின் நற்பெயர் என்று அது போனது. எல்லோரும் வடை தின்றபடி பொறுமையாகக் கேட்டார்கள். முடிந்ததும் ஒருவர், "அதுக்கு நாங்க என்ன பண்ணணும்?" என்றார்.

"ஆடிட் அன்னைக்கு ஒரு நாள் பிள்ளைகளக் கூட்டிட்டு வரணும்."

பஞ்சவர்ணம் அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"புது எடம், புது ஆளு. பிள்ளைக காலையில புடிச்சுத் தொண்ட கிழியக் கத்தும். வர்ற ஆடிட்டர் காதப் பொத்திக்கிட்டு ஓடிப்போவாக. கெட்ட பேரு உங்களுக்குத்தான்."

இதை நான் யோசிக்கவில்லை.

"நாலு நாள் முன்னாடியே விட்டுப் பழக்குனா அதுக பாட்டுக்கு வெளையாடும். அதெல்லாம் இங்க நடக்கவா போகுது," என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

மே 10, வெள்ளி

குளிக்கும்போது எனக்கு ஒரு திட்டம் தோன்றியது. குழந்தைகளை ஆடிட்டுக்கு நாலு நாள் முன்பிருந்தே வரவழைத்தால் என்ன? படிப்படியாகப் பழகும். இயல்பாக இருக்கும். நாச்சிமுத்து சாரிடம் விளக்கினேன்.

"இது உங்க சொந்த யோசனைங்களா?"

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். வெகுநேரம் துடைத்தார்.

"நல்ல யோசனைங்க," என்றார்.

மே 13, திங்கள்

ஏழு குழந்தைகள் வந்தன. ஏழும் அழுதன. ஒன்று நிறுத்தினால் இன்னொன்று எடுத்துக்கொண்டது.

ஆயா வேலைக்குச் செக்கிங் பிரிவிலிருந்து செங்கமலம் அக்காவைக் கொடுத்திருக்கிறார்கள். மூட்டுவலிக்காரர்; நின்று வேலை செய்ய முடியவில்லை என்று ஏற்கெனவே உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டுக்கொண்டிருந்தாராம். உள்ளூர்க்காரர். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, "அழுவட்டுமுங் தம்பி. அழுதாத்தான் பசிக்கும். பசிச்சாத்தான் திங்கும். தின்னாத்தான் தூங்கும்," என்றார். என் பாடத்தில் இதைப் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள்.

பஞ்சவர்ணம் அக்காவின் மகள் பெயர் மௌனிகா. இப்படி ஒரு பெயரை வைக்கும்போது அவளைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை கேட்கிற மாதிரி கத்தினாள். தூக்கப் போனேன். முழங்கையில் கடித்துவிட்டாள்.

மே 14, செவ்வாய்

இன்றும் கடித்தாள். வேறு கை.

மே 15, புதன்

இன்று கடிக்கவில்லை. நான் மண்டியிட்டு லாரியை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு லாரியைப் பிடுங்கிக்கொண்டாள். முன்னேற்றம் என்றே நினைக்கிறேன்.

பயிற்சியில் ஒரு வீட்டுச் சந்திப்பாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் கல்லூரி ஆக்னஸ் மேடத்தின் விதி. மாலை பஞ்சவர்ணம் அக்காவோடு அவர் வீட்டுக்குப் போனேன். ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி. ஒரே அறை. கணவர் லாரியில் போகிறவர். வாரத்துக்கு ஒருமுறை வருவாராம். அக்கா டீ போட்டுக் கொடுத்தார்.

"இதுக்கு முன்னாடி நீங்க வேலைக்கு வந்தா மௌனிகாவ யார் பாத்துக்கிட்டாங்க?"

"பக்கத்து வீட்டுல பாத்துக்குவாக."

பக்கத்து வீடு பூட்டியிருந்தது. பூட்டு துருப்பிடித்திருந்தது.

கட்டில் காலில் ஒரு பழைய துண்டு முடிச்சுப் போட்டுக் கிடந்தது. நீளமாக, கதவுக்குச் சற்று முன்பு வரை எட்டுகிற அளவுக்கு இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அக்கா பார்த்தார்.

"துணி காயப் போடுறது," என்றார்.

ஓகோ என்றேன். மௌனிகாவின் கணுக்காலில் கறுப்பாக ஒரு வளையம் உண்டு. கொலுசுத் தழும்பு என்று செங்கமலம் அக்கா சொல்லியிருந்தார். அவளுக்குக் கொலுசு கிடையாது.

"அடுப்பு இருக்குல்ல தம்பி. கதவுக்கு வெளிய ரோடு," என்றார் பஞ்சவர்ணம் அக்கா, நான் எதுவும் கேட்காமலேயே. பிறகு முறுக்கு எடுத்து வைத்தார். நான் முறுக்கு நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

வீட்டுச் சந்திப்பு அறிக்கையில் "வீடு சுத்தமாக இருந்தது" என்று எழுதினேன். அதற்கு மேல் இன்று எழுத வரவில்லை. இரவு சாப்பாடு வேண்டாம் என்று மெஸ்ஸில் சொல்லிவிட்டேன். பசியில்லை. முறுக்கு காரணமாக இருக்கலாம்.

மே 17, வெள்ளி

ஆடிட். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். பத்து மணிக்குள் மௌனிகா அதில் பிஸ்கட்டைக் கரைத்துப் பூசிவிட்டாள்.

ஆடிட்டர் பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மா. தமிழ் நன்றாகப் பேசினார். மற்ற பிரிவுகளையெல்லாம் நின்றபடி பார்த்தவர், இங்கே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எந்தக் குழந்தையும் அழவில்லை. ஒன்று அவர் கைப்பையைத் திறந்து பார்த்தது. மௌனிகா என்னைக் காட்டி, "ஆயா" என்றாள். அவள் யாரிடமும் என்னை அறிமுகப்படுத்தியது இதுவே முதல் தடவை.

"குழந்தைங்க நல்லாப் பழகியிருக்காங்க. எப்போலேர்ந்து நடக்குது?" என்று என்னைக் கேட்டார்.

இதற்குப் பதில் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "பல வருடங்களாக." அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மௌனிகா என் முழங்காலைப் பிடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமையிலேர்ந்து மேடம்," என்று வந்துவிட்டது.

நாச்சிமுத்து சார் இருமினார்.

"எந்தத் திங்கட்கிழமை?"

"இப்ப வந்த திங்கட்கிழமை."

அந்த அம்மா குறிப்பேட்டில் எதையோ எழுதினார். "வர்ற திங்கட்கிழமையும் இருக்குமா?"

"இருக்கும் மேடம்."

அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. சேர்மன், சேர்மன் என்று கூப்பிட்டே கெடுத்துவிட்டார்கள்.

போகும்போது அந்த அம்மா, "திரும்ப வருவேன். சொல்லாம வருவேன்," என்றார்.

அவர் கார் கிளம்பியதும் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"யாரக் கேட்டுங்க அப்பிடிச் சொன்னீங்க?"

"வாய் தவறிருச்சு சார்."

"வாய் தவறுனா ஒரு வார்த்த தவறுமுங்க. நீங்க மூணு கேள்விக்குத் தவறாமப் பதில் சொன்னீங்க."

முதலாளிக்குக் கோபமாம். பெட்டிகள் நடைபாதையில் கிடப்பதால் சரக்கு நகரவில்லை. நாளையிலிருந்து காப்பகத்தை மூடிவிட வேண்டும். அந்த அம்மா திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். "கொழந்தைக வேண்டாம்னு சாயங்காலமே எல்லார்கிட்டயும் சொல்லிருங்க," என்றார் சார்.

மே 18, சனி

நேற்று மாலை சொல்ல மறந்துவிட்டேன். சட்டையில் ஒட்டிய பிஸ்கட்டைத் துடைப்பதிலேயே நேரம் போய்விட்டது. அதனால் இன்றும் ஏழு பேரும் வந்துவிட்டார்கள். எட்டாவதாகவும் ஒன்று இருந்தது. அது யாருடையது என்று மதியத்துக்கு மேல்தான் தெரிந்தது.

"மறந்துட்டீங்களா?" என்றார் சார்.

"மறந்துட்டேன் சார்."

"ஞாபக சக்திக்கு ஏதாவது சாப்புடுங்க."

மே 20, திங்கள்

இன்றும் மறந்திருந்தேன். ஞாயிறு குறுக்கே வந்துவிட்டது.

முதலாளியே வந்துவிட்டார். நாற்பது வயதுகூட இருக்காது. வெள்ளைச் சட்டை, காதில் போன். வாசலில் நின்று முயல்களையும் குழந்தைகளையும் பார்த்தார். பிறகு நடைபாதையில் இருந்த பெட்டிகளைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தபோதுதான் முகம் இளகியது.

"இதெல்லாம் நனஞ்சா யாருங்க பொறுப்பு? நாச்சிமுத்தண்ணா, இன்னிக்கே உள்ள வெச்சுப் பூட்டுங்க."

மாலையில் புதுப் பூட்டு வந்தது. இந்த முறை மறப்பதற்கு வழியில்லை. வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

"நாளையிலேர்ந்து காப்பகம் இல்லக்கா."

பஞ்சவர்ணம் அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மௌனிகாவின் மூக்கைத் துடைத்துவிட்டு, "சரி தம்பி," என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம். மௌனிகா எனக்குக் கையாட்டிக்கொண்டே போனாள். நாளை காலை அவள் எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்தத் துண்டின் நீளமும் தெரியும்.

இன்னொன்று. ஷிப்ட் முடிவதற்கு முன் நாச்சிமுத்து சார் மூன்றாவது லைனில் நின்று பஞ்சவர்ணம் அக்காவிடம் நூல் கலரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். பர்சனல் மேனேஜருக்கு நூலில் இவ்வளவு அக்கறை இருப்பது எனக்குத் தெரியாது. பிறகு என்னிடம் வந்து, "நாளைக்குக் காலைல துணி வாங்கற பையர்கிட்ட இருந்து சரக்குப் பாக்க ஆள் வர்றாருங்க. யாருக்கும் சொல்லிக்க வேண்டாம்," என்றார். நான் யாருக்கும் சொல்லவில்லை.

மே 21, செவ்வாய்

தாய்மார்கள் வழக்கம்போல் குழந்தைகளோடு வந்தார்கள். பச்சைக் கதவில் பூட்டு. சண்டை போடவில்லை, என்னிடம்கூடக் கேட்கவில்லை. குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக மாடி ஏறி, தையல் பிரிவுக்குப் போய்விட்டார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது மௌனிகா ஒரு துணிக்கட்டின் மேல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கையில் நூல்கண்டு. இன்னொரு பையன் பீஸ்களை எண்ணுவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். பெண்கள் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

பையரின் ஆள் கீழே அலுவலகத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அடுத்து அவர் வரவேண்டிய இடம் இது. உற்பத்திப் பிரிவில் குழந்தைகளைப் பார்த்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். குழந்தைத் தொழில் என்று எழுதிவிடுவார்கள்; அந்த ஆர்டர் மட்டுமல்ல, இனி எந்த ஆர்டரும் வராது.

முதலாளி மாடிப்படியில் ஓடி வந்ததை இன்றுதான் பார்த்தேன்.

"யாருங்க இதுகள உள்ள விட்டது?"

"கதவு பூட்டியிருக்குங்க," என்றார் பஞ்சவர்ணம் அக்கா, மெஷினை நிறுத்திவிட்டு. "ரோட்டுல விட முடியாதுல்ல. மடியில வச்சுத் தைக்கவும் முடியாது. அதான் பக்கத்துல உக்கார வச்சோம்."

"நாச்சிமுத்தண்ணா, சாவி."

சார் சட்டைப் பையைத் தடவினார். பேன்ட் பையைத் தடவினார். அவ்வளவு நிதானமாகப் பை தடவுகிற மனிதரை நான் கண்டதில்லை.

"பெட்டிகள எங்கீங்க வெக்கறது?"

"மொட்ட மாடில வெய்ங்க. தார்ப்பாய் வாங்கிப் போடுங்க. மொதல்ல தொறங்க."

இப்போது குழந்தைகளை இறக்க வேண்டும். மௌனிகா மறுத்துவிட்டாள். தூக்கினால் கத்துவாள், அந்தச் சத்தம் அலுவலகம் வரை கேட்கும். வேறு வழி தெரியாமல் நான் ரயில் என்ஜின் ஆனேன். சட்டையை ஒருத்தி பிடிக்க, அவளை இன்னொருவன் பிடிக்க, எட்டுப் பெட்டிகளோடு கூவிக்கொண்டே படியிறங்கினேன். இன்னொரு படிக்கட்டில் பையரின் ஆளை அழைத்துக்கொண்டு நாச்சிமுத்து சார் ஏறுவது தெரிந்தது. அந்த ஆள் எங்களைப் பார்த்து நின்றார்.

"காப்பகத்துக் குழந்தைகளுங்க. காலைல ஒரு நடை கூட்டிட்டுப் போவாங்க," என்று சார் சொல்வது காதில் விழுந்தது.

அந்த ஆள் கையை ஆட்டினார். ரயில் பதிலுக்குக் கூவியது.

பையரின் ஆள் போன பிறகு முதலாளி காப்பகத்துக்கு வந்தார். தாய்மார்களும் வாசலில் நின்றார்கள்.

"யார் சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க?"

"சேர்மன் தம்பிதான் கூட்டியாரச் சொன்னாரு," என்றார் பஞ்சவர்ணம் அக்கா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நேற்று வாசலில் நின்று வேண்டாம் என்று சொன்னவனும் நான்தான். அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். மௌனிகா என் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீதான கூட்டியாந்த, நீயே பாத்துக்க. நெரந்தரமா ஆயா போடற வரைக்கும் நீதான் ஆயா. ஒரு கொழந்த மாடிக்கு வந்துச்சு, உன்ற சர்ட்டிபிகேட்டுல கையெழுத்துக் கெடையாது."

தண்டனை என்றுதான் சொன்னார். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மே 23, வியாழன்

இன்று கற்றவை: ஒருவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். ஒருவன் தூங்கினால் மூச்சுவிடக் கூடாது. சோற்றை வாயில் வைத்ததும் விழுங்கிவிட்டதாக நினைக்கக் கூடாது.

நாளை சென்னையில் நேர்முகத் தேர்வு. நாச்சிமுத்து சாரே கூப்பிட்டு, "செங்கமலம் பாத்துக்கும். ஒரு நாள் போயிட்டு வாங்க," என்றார்.

ரயிலில் இடமில்லை என்று சொன்னேன்.

மே 24, வெள்ளி

போகவில்லை. அம்மா போன் செய்தாள்.

"ஏல, இன்டர்வியூ என்னாச்சு?"

"ரயில்ல எடம் கெடைக்கலம்மா."

"பஸ்ஸெல்லாம் ஓடலயோ?"

"இங்க வேலையும் இருக்கும்மா."

"என்ன வேல?"

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து மௌனிகா, "ஆயா, ஆய்" என்று கத்தினாள்.

"எம்.ஏ. படிச்சிட்டு இதத்தான் பாக்கியால?" என்றாள் அம்மா. பிறகு, "வெந்நியில கழுவு. பச்சத் தண்ணியில கழுவாத," என்றாள்.

மே 31, வெள்ளி

பயிற்சி முடிந்தது. பன்னிரண்டு குழந்தைகள் இப்போது. முந்தாநாள் செங்கமலம் அக்காவை நிரந்தர ஆயாவாகப் போட்டுவிட்டார்கள். அவர் நாற்காலியை மட்டும் மாற்றச் சொன்னார். இன்னும் கொஞ்சம் உயரமாக.

சான்றிதழில் முதலாளி கையெழுத்துப் போட்டிருக்கிறார். "குழந்தைகளிடம் நன்முறையில் பழகினார்" என்று ஒரு வரி. தொழிலாளர் சட்டம், தகராறுத் தீர்வு என்று நான் படித்த எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

டீ இடைவேளையில் மூன்றாவது லைனுக்கு விடைபெறப் போனேன். எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு சட்டை தைத்து வைத்திருந்தார்கள். மீந்த துணியில் தைத்தது; ஒரு கை ஒரு நீலம், மறு கை இன்னொரு நீலம்.

பஞ்சவர்ணம் அக்கா வாசல் வரை கூட வந்தார்.

"உங்களுக்கு முன்னாடியும் மூணு பேரு டிரெய்னிங்குக்கு வந்தாக தம்பி. அவுகளுக்கும் ஆடிட்டுக்குப் பிள்ள புடிக்கிற வேலதான். நாலு நாள் முன்னாடி விட்டாப் பழகும்னு அவுகள்ட்டயும் சொன்னோம்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"மேனேஜர்ட்டப் போயி, பொம்பளைக இப்பிடிக் கேக்குறாகன்னு சொன்னாக. நாங்க கேக்குறோம்னா முதலாளி ஒத்துக்கிருவாரா? அத்தோட முடிஞ்சிபோச்சு."

"நானும் போய்ச் சொன்னேனே."

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "நீங்க உங்க சொந்த யோசனைன்னு சொன்னீகளாம்ல. மேனேஜரு வந்து சொல்லிச் சிரிச்சாரு. படிச்சவுக யோசனைன்னு சொல்லித்தான் முதலாளிகிட்ட ஒப்புதல் வாங்குனாராம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நல்லதாப் போச்சு தம்பி," என்றார் அவர். சிரிப்பு போய்விட்டிருந்தது. "இப்பல்லாம் தைக்கிறப்ப நெனப்பு இங்கனயே இருக்கு. முன்னாடி மணிக்கொருதரம் நெனப்பு வீட்டுக்கு ஓடும். ஊசி எத்தன தரம் வெரல்ல ஏறிருக்கு தெரியுமா?" கையைக் காட்டவில்லை. புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியாக நாச்சிமுத்து சார். நலப் பிரிவில் உதவியாளர் ஒருவரை எடுக்க முதலாளி சம்மதித்திருக்கிறாராம்.

"எனக்குச் சென்னையில வேல பாக்கணும்னு ஒரு எண்ணம் சார். யோசிக்கணும்."

"நல்லா யோசிங்க. அவசரமே இல்ல," என்றார். "திங்கக்கிழம காலைல எட்டரைக்கு வந்து, இங்க உக்காந்தே யோசிங்க."

ஜூன் 3, திங்கள்

எட்டேகாலுக்கே போய்விட்டேன். காவலாளி எழுந்து நிற்கவில்லை. உள்ளே போ என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பஞ்சவர்ணம் அக்கா மௌனிகாவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். புதிதாகச் சேர்ந்த ஒரு குழந்தை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தது. மௌனிகா அதன் கையைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டிருந்த என்னையும் பார்க்கவில்லை.

எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பஞ்சவர்ணம் அக்கா ஒரு நிமிடம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மணி அடித்தது, மாடி ஏறிப் போய்விட்டார். நான் குனிந்து, அழுகிற குழந்தையைத் தூக்கினேன். தோளில் கடித்தது.